ஒண்ணும் இல்லன்னு சொன்னான்

ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்னு சொன்னான் தம்பி. அதான் பொட்டிய தூக்கிக்கினு கிளம்பிட்டேன்.

சிரிக்கிறீங்க. என் சம்சாரம் சம்பூரணமும் இப்படித்தான் சிரிச்சா. "புள்ள நல்லா இருக்கேன்றான், நீ இன்னாத்துக்கு ரெண்டு நாளு ரயில்ல போய் அவதிப்படற"ன்னா. அவளுக்கு இன்னா தெரியும்? அவ பட்டாளத்துல இருந்தாளா?

கால கொஞ்சம் மடக்கிக்கோங்க, டிரங்குப் பொட்டிய உள்ள தள்ளிடறேன். அப்படியே நேரா உக்காருங்க. காட்பாடியில ஏறினதுலேர்ந்து பாக்கறேன், முதுகு வில்லு மாதிரி வளைஞ்சிருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்து நாலு வருஷம் பட்டாளம். அதுல கடைசி ஆறு வருஷம் புதுசா சேர்ற பசங்களுக்குப் பயிற்சி குடுக்கற வேலை. எங்க போனாலும் வளைஞ்ச முதுகுதான் கண்ணுல படுது. ஏகாம்பரம் என் பேரு. ஹவில்தார் ஏகாம்பரம். காட்பாடிக்குப் பக்கத்துலதான் ஊரு. வீட்டுக்கு ஒரு ஆளு மிலிட்டரி. எங்க ஊரு நாய்க்கு இந்தியில திட்டினாதான் புரியும்.

மணி இன்னா ஆவுது? மூணு இருபதா? சரி, நேரம் இருக்குது.

பையன் பேரு யுகேந்திரன். ஒரே பையன். பத்தொம்பது வயசு. சேர்ந்து அஞ்சு மாசம் ஆவுது, பயிற்சியில இருக்கான். எந்த ஊருன்னு கேக்காதீங்க, ராணுவ ரகசியம். டிக்கெட்டுல போட்டிருக்குது, ஆனா என் வாயால சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு அவனுங்க கையில போனைக் குடுப்பாங்க. பத்து நிமிஷம். அவ்ளோதான். முதல் ரெண்டு மாசம் பத்து நிமிஷமும் அவனேதான் பேசுவான். அப்பா இங்க குளிருப்பா, அப்பா எனக்குப் பக்கத்துக் கட்டில்ல அஸ்ஸாம் பையன்பா, அப்பா நம்ம வீட்டுப் பூனை குட்டி போட்டுதான்னு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பேச்சு தேய்ஞ்சி போச்சு. இப்ப மூணு வாரமா ஒண்ணே ஒண்ணுதான் சொல்றான். ஒண்ணும் இல்லப்பா, நல்லா இருக்கேன்பா.

நல்லா இருக்கேன்னு சொன்னா நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்னு கேப்பீங்க. இல்ல தம்பி. அத நான் சொன்னா உங்களுக்குப் புரியாது. முதல்லேர்ந்து சொல்றேன், அப்பதான் புரியும்.

பயிற்சி குடுக்கறவன அங்க உஸ்தாத்னு கூப்புடுவாங்க. உஸ்தாத்னா சாமிக்கு ஒரு படி கீழ. ஊர்லேர்ந்து வர்றானுங்க பாருங்க பசங்க, அம்மா கையால தின்னு தின்னு வெண்ணெய் மாதிரி வருவானுங்க. அவனுங்கள ஒரு வருஷத்துக்குள்ள இரும்பு ஆக்கணும். எப்படி ஆக்கறது? தடவிக் குடுத்தா ஆவுமா? அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

ஆனா ஒண்ணு. சட்டத்த மீறி நான் எதுவும் பண்ணது கிடையாது. ஆபீஸ் சுவத்துல பெரிசா போர்டு மாட்டியிருப்பாங்க, ரிக்ரூட்டு பசங்க மேல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு. ஆறு வருஷத்துல ஒரு பையன் மேல நான் கை வெச்சது இல்ல. சத்தியமா சொல்றேன். பெல்ட்டு கையா? பூட்ஸு கையா? தண்ணி நிரப்பின பாட்டில் கையா? போர்டுல எழுதினத நான் பண்ணல. எழுதாததுக்கு நான் பொறுப்பா?

அங்க ரகடான்னு ஒண்ணு உண்டு. ரகடான்னா தேய்க்கறது. அடிபுடிச்ச சட்டியப் போட்டுத் தேய்ப்பாங்க இல்ல, அந்த மாதிரி பசங்களப் போட்டுத் தேய்க்கறது. ஜல்லி ரோட்டுல முழங்கையால தவழணும். டிரங்குப் பொட்டிய தலையில வெச்சிக்கினு மைதானத்த பத்து சுத்து ஓடணும். காலுக்கு நடுவுல கைய விட்டுக் காதப் புடிச்சிக்கினு கோழி மாதிரி குந்தியிருக்கணும். தப்பு பண்ணா அதுக்கு ரகடா. தப்பே பண்ணலன்னா, ரொம்ப புத்திசாலின்னு நெனப்பான்னு அதுக்கு ஒரு ரகடா.

வீட்டுலேர்ந்து பார்சல் வரும் பசங்களுக்கு. லட்டு, முறுக்கு, நெய்யில செஞ்சது என்னென்னமோ. அதுல எதாவது கலந்திருந்தா? பசங்க உயிரு என் பொறுப்பு இல்லியா? அதனால நான் தின்னு பார்ப்பேன். மேல இருக்கறது நல்லா இருக்குதுன்றதால அடியில இருக்கறதும் நல்லா இருக்கும்னு நம்பிட முடியாது. டப்பா காலியாவற வரைக்கும் பார்க்கணும். சக்கரை வியாதி எனக்கு அப்படி வந்ததுதான். நாட்டுக்காக வந்த வியாதின்னு சொன்னா இந்த ஜனங்க நம்பறதில்ல.

கண்டிப்பு வேற, கொடுமை வேற தம்பி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்குது. அது எங்க இருக்குதுன்னு ஆபீசருக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, உஸ்தாத்துக்குத்தான் தெரியும். நான் தெனம் காலையில புதுசா அந்தக் கோட்டப் போட்டுட்டுதான் வேலையே ஆரம்பிப்பேன்.

மணி பாருங்க. மூணு முப்பதா? உங்க போன்ல சிக்னல் இருக்குதா? எனக்கு ரெண்டு கோடு காட்டுது.

எங்க விட்டேன்? ஆங், கோடு. அத விடுங்க, தர்பாரு கதைக்கு வர்றேன். மாசத்துக்கு ஒரு தடவ தர்பார் நடக்கும். பெரிய ஆபீசர் மேடையில வந்து நிப்பாரு. எல்லா பசங்களும் எதுர உக்காந்திருக்கணும். அவரு கேப்பாரு, யாருக்காவது தக்லீஃப் இருக்குதான்னு. தக்லீஃப்னா கஷ்டம். பசங்க சொல்லணும், "நஹீ சாப்!" இல்லீங்க ஐயான்னு. அவ்ளோதான் தர்பாரு. அவரு ஒரு கேள்வி, இவனுங்க ஒரு பதிலு, அப்புறம் டீ.

மத்த உஸ்தாத்துங்க அத அப்படியே விட்டுடுவானுங்க. நாலு பேரு முன்ன சொல்லுவான், பத்து பேரு பின்ன சொல்லுவான், நரி ஊளையிடற மாதிரி இருக்கும். நான் விடுவேனா? அதையும் கவாத்துல சேத்தேன். நாப்பது பசங்க, ஒரே குரலு, வால் இல்லாம டக்குனு நிக்கணும். தர்பாருக்கு மூணு நாள் முன்னேர்ந்து ஒத்திகை. சோறு துன்னும்போது கேப்பேன், பசிக்குதா? "நஹீ சாப்!" வெயில்ல நிக்க வெச்சிக் கேப்பேன், தாகமா? "நஹீ சாப்!" முழங்கை தோலு உரிஞ்சி ரத்தம் வரும்போது கேப்பேன், வலிக்குதா? "நஹீ சாப்!" எவன் குரலு கடைசியா வருதோ அவனுக்கு ரகடா. ரெண்டே மாசம். நான் வாயத் தொறந்து பாதி கேள்வி கேக்கறதுக்குள்ள பதிலு வந்து நிக்கும். அப்படி ஒரு அழகு. கேக்கக் கேக்க உடம்பு சிலிர்க்கும்.

ஒரு வருஷம் டெல்லியிலேர்ந்து ஒரு ஜெனரல் வந்தாரு. நல்ல மனுஷன், வயசானவரு. தர்பார்ல எங்க ஆபீசரு கேக்கற கேள்வியத்தான் கேப்பாருன்னு நான் நெனச்சேன். அந்த மனுஷன் சிரிச்சிக்கினே பசங்களப் பாத்து, "சாப்பாடு நல்லா இருக்குதா?"ன்னு கேட்டுட்டாரு.

"நஹீ சாப்!"

என் பசங்க நாப்பது பேரும். ஒரே குரலு. வால் இல்ல.

ஜெனரல் முகம் மாறிடுச்சி. "வீட்டுக்குப் போன் பண்ண விடறாங்களா?"ன்னாரு. "நஹீ சாப்!" எங்க ஆபீசருக்கு வேர்த்து ஊத்துது, குளிர்காலத்துல. நான் பின்வரிசையில நின்னுக்கினு கண்ணால ஜாடை காட்றேன். எவன் பாக்கறான்? தலை ஆடக் கூடாது, கண்ணு அசையக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நான்தானே. ஜெனரல் நெஞ்ச நிமித்திக்கினு கேட்டாரு, "நாட்டுக்காக உயிரக் குடுக்கத் தயாரா?"

"நஹீ சாப்!"

சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பா இருக்குது. நான் அன்னிக்கு என் பென்ஷனப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். கடைசியா அவரு குரலத் தாழ்த்தி, அப்பா கேக்கற மாதிரி கேட்டாரு. "யாராவது உங்கள கொடுமப்படுத்தறாங்களா பசங்களா?"

"நஹீ சாப்!"

அப்பாடான்னு எல்லாருக்கும் உயிரு வந்துச்சி. ஜெனரலும் தலையாட்டி, எடுத்துக்கினு வந்த நோட்டுல எழுதிக்கினாரு. நடுவுல ரெண்டு பதிலும் பசங்க பயத்துல உளறினதுன்னு விட்டுட்டாங்க, முதல் பதிலும் கடைசி பதிலும் உண்மைன்னு எழுதிக்கினாங்க. சமையல்காரன் மட்டும் பாவம் மாட்டிக்கினான். அவனுக்கு விசாரணை வெச்சி, அந்த மாசத்துலேர்ந்து பருப்புல பருப்பு வந்துச்சி. என்னை ஒருத்தன் ஒண்ணு கேக்கல. வருஷக் கடைசியில ஒழுக்கத்துக்குன்னு என் பிளட்டூனுக்குத்தான் கோப்பை.

அந்த நாப்பது பேர்ல ஒருத்தன் நம்ம பக்கத்துப் பையன். ஜவ்வாது மலை. பேரு தீர்த்தமலை. ஓடறதுல புலி அவன். மலையில பொறந்தவனுக்கு மைதானம் ஒரு பொருட்டா? ஆனா அவன் ஒருத்தன்தான் தமிழ்ப் பையன். நான் கொஞ்சம் இளக்காரம் குடுத்தா இன்னா சொல்லுவாங்க? ஏகாம்பரம் ஜாதி பாக்கறான், பாஷை பாக்கறான்னு சொல்லுவாங்க. அதனால மத்தவனுக்கு ஒண்ணுன்னா அவனுக்கு ரெண்டு. நியாயம்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும் இல்லியா.

ஒரு தடவ அவன் கால நொண்டிக்கினு நடந்தான். நடிக்கிறான்னு நெனச்சேன். நொண்டறதுக்கு ஒரு ரகடா குடுத்தேன், மறுநாள் நொண்டல. பாருங்க, நான் நெனச்சது சரிதானே. ஆனா ஓட்டத்துல பின்தங்கறான். பத்து நாள் ஆச்சு. நானே தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன், எனக்கு மட்டும் அக்கறை இல்லியா? புதுசா வந்த டாக்டரம்மா, கேப்டன். முட்டிக்குக் கீழ எலும்ப விரலால அமுக்கினாங்க. அவன் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சி. "வலிக்குதா?"ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நிக்கறேன்.

"நஹீ சாப்."

அந்தம்மாவையும் சாப்னுதான் சொன்னான். நான் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதானே. அவங்க மறுபடி அமுக்கினாங்க, மறுபடி கேட்டாங்க. மறுபடி அதே பதிலு. ஓடலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. படிச்ச டாக்டரே எழுதிட்டாங்க, பத்தாவது பாஸ் ஹவில்தார் நான் மாத்த முடியுமா?

ரெண்டாம் நாளு முதுகுல மூட்டையோட பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஏழாவது கிலோமீட்டர்ல சத்தம் கேட்டுது. காஞ்ச முருங்கைக் கிளை முறியற மாதிரி. பையன் கீழ கிடக்கான். கால் வேற பக்கம் திரும்பியிருக்குது. நான் ஓடிப் போய்க் குனிஞ்சி, வலிக்குதாடான்னு கேட்டேன்.

"நஹீ உஸ்தாத்."

எலும்பு முறிஞ்சிப் போச்சி தம்பி, கவாத்து முறியல. அத நான் எத்தன பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். லீவுல ஊருக்கு வந்தா எங்க தெரு பசங்கள வாசல்ல உக்கார வெச்சி இதத்தான் சொல்லுவேன். யுகேந்திரனுக்கு அப்ப எட்டு வயசு. என் மடியில உக்காந்துக்கினு, "அப்பா அந்த அண்ணன் அழலியாப்பா"ன்னு கேப்பான். "அழல பாரு, அவன்தான் ஆம்பள, தக்லீஃப் இருக்குதுன்னு சொல்றவன் பட்டாளத்துக்கே லாயக்கில்ல"ன்னு சொல்லுவேன். திருப்பித் திருப்பி அந்தக் கதையையே கேப்பான்.

விசாரணை நடந்துச்சி. நடக்காம இருக்குமா? மீதி முப்பத்தொம்பது பேரையும் ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் கேட்டாங்க, உஸ்தாத் அடிச்சாரா, தொந்தரவு பண்ணாரான்னு. நான் கதவாண்ட நின்னுக்கினு இருக்கேன். முப்பத்தொம்பது "நஹீ சாப்". என் மேல ஒரு தப்பும் இல்லன்னு ஃபைல மூடினாங்க. தீர்த்தமலைய உடம்பு தகுதியில்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அனுப்பறதுக்கு முன்ன அவன் அப்பன் வந்தான். பெரியாண்டின்னு பேரு. வேட்டி, தோள்ல ஒரு பழைய சால்வை, கையில தேன் பாட்டிலு. மலையிலேர்ந்து எறங்கி மூணு நாள் ரயில்ல வந்திருக்கான், ஒரு வார்த்த இந்தி தெரியாது. மேஜர் சாப் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. பாஷை புரியணுமே. தமிழ் தெரிஞ்ச ஆளு யாருன்னு தேடினாங்க. என்னைத்தான் கூப்பிட்டாங்க.

ஆமா தம்பி. என்னைத்தான்.

பெரியாண்டி சொல்றான், "எம்புள்ள பத்து நாளா நடக்க முடியாம இருந்திருக்கான், அவன ஓட விட்டிருக்காங்க. அந்த ஆளு யாருன்னு எனக்குக் காட்டுங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். எதுக்கு இப்படிப் பண்ணன்னு ஒரு வார்த்த கேக்கணும்." மேஜர் என்னைப் பாக்கறாரு, இன்னா சொல்றாருன்னு. நான் சொன்னேன், "சாப், பையன நாட்டுக்குக் குடுத்ததுல ரொம்பப் பெருமையாம், நல்லா பாத்துக்கினீங்களாம், நன்றி சொல்றாரு."

மேஜருக்குக் கண்ணு கலங்கிடுச்சி. எழுந்து வந்து பெரியாண்டி கையப் புடிச்சிக்கினாரு. டீ வரவழைச்சாரு. படம் போட்ட காலண்டர் ஒண்ணு குடுத்தாரு. பெரியாண்டிக்கு ஒண்ணும் புரியல. பெரிய மனுஷன் கையப் புடிச்சாரே, நியாயம் கிடைக்கும்னு நெனச்சிக்கினான் போல. வெளிய வந்ததும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்களாவது நம்மூர் ஆளு இருந்தீங்களே சாமி, எஞ்சொல்ல எடுத்துச் சொன்னீங்க"ன்னு தேன் பாட்டில என் கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

நல்ல தேன். கலப்படம் இல்லாத மலைத்தேன். ரெண்டு மாசம் வெச்சித் தின்னேன்.

இப்ப என் கதைக்கு வாங்க. போன ஞாயித்துக்கிழமை. நாலு மணிக்கு யுகேந்திரன் பேசினான். எப்படிடா இருக்கன்னேன். நல்லா இருக்கேன்னான். சாப்பாடு? நல்லா இருக்குது. தூக்கம்? நல்லா இருக்குது. கால் நல்லா இருக்குதுப்பான்னான்.

நான் காலப் பத்திக் கேக்கவே இல்ல தம்பி.

எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சி. யுகா, எதாவது கஷ்டமாடான்னேன். அப்ப சொன்னான்.

"நஹீ சாப்."

என்கிட்ட. அப்பன்கிட்ட. வால் இல்லாம, டக்குனு. பின்னால யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சி. எவனோ நல்லா கவாத்து குடுத்திருக்கான். தொழில் தெரிஞ்சவன். போனை வெச்சிட்டு நான் கொல்லப்பக்கம் போய் நின்னேன். ராத்திரி சோறு வேணாம்னுட்டேன். சக்கரையாலதான்.

மறுநாளே வேலூர் போய் டைப் அடிக்கறவன்கிட்ட உக்காந்து மனு எழுதினேன். பயிற்சிங்கற பேர்ல என் மகன கொடுமப்படுத்தறாங்க, இது மனித உரிமை மீறல்னு. ஒம்போது குத்தம் எழுதினேன். ஜல்லியில தவழ விடறது, தலைமேல பொட்டி வெச்சி ஓட விடறது, வீட்டுப் பார்சலப் புடுங்கித் துன்றது, நொண்டற பையன அடிச்சி நடக்க வெக்கறதுன்னு. அந்த உஸ்தாத் மனுஷனே இல்ல, மிருகம்னு பத்தாவதா சேத்தேன். வீட்டுக்கு எடுத்துக்கினு வந்து சம்பூரணத்துக்குப் படிச்சிக் காமிச்சா அவ அப்பவும் சிரிச்சா. "புள்ள ஒண்ணுமே சொல்லலன்ற, அப்புறம் எப்படி இத்தன எழுதின? இதெல்லாம் வாசல்ல உக்காந்து நீ சொன்ன கதைங்க ஆச்சே"ன்னா. சிரிச்சிட்டு, முந்தானைய வாயில வெச்சிக்கினு உள்ள போயிட்டா. ரொம்ப நேரம் வெளிய வரல.

நான் பண்ணதும் அதுவும் ஒண்ணா தம்பி? நான் பண்ணது பயிற்சி. நான் ஒரு அக்கறையில பண்ணேன். இவன் யாரோ, எவனோ, எந்த அக்கறையில பண்றான்?

மனு பொட்டியிலதான் இருக்குது. ஆனா அத குடுத்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? பையன கூப்புடுவாங்க. உஸ்தாத் பக்கத்துல நிப்பான். தக்லீஃப் இருக்குதான்னு கேப்பாங்க. அவன் நஹீ சாப்னு சொல்லிடுவான். முடிஞ்சிச்சி. அப்புறம் அந்த உஸ்தாத் அவன என்ன பண்ணுவான்னும் எனக்குத் தெரியும். பதினொண்ணாவது குத்தமா அத எழுதலாம்.

அதனால மனு வேணாம், வேற வழி பாப்போம்னு நல்ல தேன் வாங்கப் போனேன். உஸ்தாத்துக்குக் குடுக்கத்தான். வியாழக்கிழமை பஸ் ஏறி ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் போனேன். ரோட்டோரம் ஒரு சின்னக் கொட்டாய், பாட்டில் பாட்டிலா தேன் அடுக்கி வெச்சிருக்குது. ஸ்டூல்ல உக்காந்திருந்தவன் என்னைப் பாத்ததும் எழுந்து நின்னான். ஒரு காலு சின்னது. அந்தக் கால ஊனிக்கினு அட்டென்ஷன்ல நின்னான் தம்பி. பதினோரு வருஷம் கழிச்சி.

தீர்த்தமலைதான்.

உங்கப்பா எங்கடான்னேன். போயிட்டாருன்னான். அந்தக் காலண்டர் இன்னும் வீட்டு சுவத்துல மாட்டியிருக்குதாம். கால் எப்படி இருக்குது, இன்னும் வலிக்குதான்னு கேட்டேன்.

"நஹீ உஸ்தாத்."

அவன் கிண்டல் பண்ணலீங்க. வாய்ல தானா வந்துச்சி. வந்த அப்புறம் அவனே தலைய குனிஞ்சிக்கினான்.

நான் அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். பெருமையா இருந்திருக்கணும், இல்ல? என்னமோ இல்ல. அவன்கிட்ட யுகேந்திரன் கதைய சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கினான். நான் கேட்டேன், டேய் தீர்த்தமலை, அன்னிக்கு அந்த டாக்டரம்மா உன்கிட்ட எப்படி கேட்டிருந்தா நீ வலிக்குதுன்னு சொல்லியிருப்ப? எந்த மாதிரி கேட்டா ஒரு பையன் உண்மைய சொல்லுவான்? எனக்குத் தெரியலடான்னேன்.

ஒரு பாட்டில எடுத்துத் தொடச்சான். அப்புறம் சொன்னான். "அவங்க நல்லாத்தான் கேட்டாங்க உஸ்தாத். நீங்க கொஞ்சம் அந்தாண்ட போயிருக்கணும்."

அவ்ளோதான் சொன்னான். ரெண்டு பாட்டில் தேன் பேப்பர் சுத்திக் குடுத்தான்.

மணி இன்னா? நாலுக்கு ரெண்டு நிமிஷமா? இன்னிக்கு ஞாயிறு, இப்ப யுகேந்திரன் போன் வரும். சிக்னல் இருக்குது இல்ல? ஓங்கோலு வந்துடும் போல.

தம்பி, நான் இவ்ளோ நேரம் பேசினது பொழுது போவறதுக்கு இல்ல. உங்கள ஒண்ணு கேக்கணும், அந்தப் போன நீங்க எடுத்துப் பேசணும். நீங்க என் பையனுக்கு யாரோ. உங்ககிட்ட அவனுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க இன்னா நெனப்பீங்கன்னு அவனுக்குக் கவலை இல்ல. என்கிட்ட பயம்னு சொல்லல. என் பையன் என்கிட்ட எதுக்கு பயப்படப் போறான்? எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ரயில் சத்தம் வேற, அதான்.

தோ, அடிக்குது பாருங்க. பச்சையத் தள்ளுங்க. அப்பா கூட ரயில்ல வர்றவன்னு சொல்லுங்க. பின்னால யாராவது நின்னா ஊம் ஊம்னு மட்டும் சொல்லு தம்பின்னு சொல்லுங்க. கால் வலிக்குதான்னு கேளுங்க, எந்தக் காலுன்னு கேளுங்க. நான் அந்தக் கதவாண்ட போய் நின்னுக்கறேன். இல்ல, இன்னும் அந்தாண்டயே போறேன்.

அவன் இன்னா சொன்னாலும் அப்படியே வந்து என்கிட்ட சொல்லுங்க. மாத்தி மட்டும் சொல்லிடாதீங்க தம்பி.